6/6 வந்தாச்சே, இன்னும் என்ன?

கண்ணாடியைக் கழற்றிப் போட லேசிக் என்கிற லேசர் அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் நிம்மதியாகத்தான் இருக்கிறார்கள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இதைப் படித்துவிட்டு யாராவது அடுத்த வாரத்துத் தேதியை ரத்து செய்து, பழியை என் தலையில் போடுவீர்கள். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. நடத்திய 'ப்ரவுல்' ஆய்வில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் தங்கள் பார்வையில் திருப்தி என்றார்கள். அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது, அதை எந்த ஆஸ்பத்திரி விளம்பரப் போர்டிலும் பார்க்க முடியாது. அறுவைக்கு முன்னால் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருந்தவர்களில் 46 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்துக் கேட்டபோது, விளக்கைச் சுற்றி வளையம், கூச்சம், கதிர், இரட்டைப் பிம்பம் என்று ஏதோ ஒன்று புதிதாக வந்திருப்பதாகச் சொன்னார்கள். 28 சதவீதம் வரை புதிதாகக் கண் வறட்சி.

இரண்டு கணக்கும் ஒரே ஆட்களிடம் எடுத்தவை. வளையம் தெரிகிறவரும் "திருப்தி"யில் டிக் அடித்திருக்கிறார். பலருக்கு அது பழகிப் போகிற சின்னத் தொல்லை. அன்றாட வேலையே முடங்குகிற அளவுக்கு அவதி ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்குத்தான். அந்த ஒரு சதவீதத்துக்குள்ளேயோ அதன் வாசற்படியிலோ உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் வாசற்படி.

செய்துகொண்டது 2021-இல். பெண் பார்க்க வருகிறவர்களுக்காக இல்லை, அந்தக் கட்டத்தைச் சோடாபுட்டியோடேயே கடந்தவள் நான். என் காரணம் மாஸ்க். கீழே மாஸ்க், மேலே கண்ணாடி, அதற்கும் மேலே ஹெல்மெட். சேமியர்ஸ் ரோடு சிக்னலில் நின்று ஒரு பெருமூச்சு விட்டால் முன்னால் நிற்கிற பஸ் மறைந்து போகும். மைனஸ் ஐந்தரை பவர் வேறு. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள், சொல்லப் போவதில்லை. அங்கே டாக்டரோடு பேசியது கொஞ்ச நேரம், 'கவுன்சிலர்' என்று பேட்ஜ் குத்திய பெண்ணோடு பேசியது ரொம்ப நேரம். அந்தப் பெண்ணின் கையில் மூன்று பேக்கேஜ் அச்சிட்ட அட்டை இருந்தது. இஎம்ஐ வசதியும் உண்டு.

மறுநாள் காலை கண் விழித்ததும் மின்விசிறி இறக்கையில் படிந்திருந்த தூசு தெரிந்தது. "ஃபேனைத் துடைக்கவே மாட்டியாம்மா?" என்று கத்தினேன். அம்மா அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்தான். அந்தக் காலையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பொழுது சாய்ந்த பிறகுதான் வேறு கதை. லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றால் 29சி வருகிறது. முகப்பில் ஆரஞ்சு எழுத்து ஓடுகிற போர்டு. ஒவ்வொரு எழுத்துக்கும் வலது கீழ்ப் பக்கத்தில் அதன் ஆவி மாதிரி இன்னொரு எழுத்து மங்கலாக ஒட்டிக்கொண்டிருக்கும். 9-க்கு அடியில் ஒரு 9 தொங்கும். எதிரே வரும் ஆட்டோவின் ஒற்றை ஹெட்லைட்டிலிருந்து கதிர் கிளம்பிச் சாலையின் இரண்டு ஓரத்தையும் தொடும். நவம்பர் மழை பெய்து தார் ரோடு பளபளத்தால் வானத்தில் ஒன்று, தரையில் ஒன்று என்று எல்லாமே இரண்டு. தி.நகர் நகைக்கடைகளின் முகப்பைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நிமிர்ந்து பார்ப்பதையே விட்டுவிட்டேன். இப்போது மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரைக்கும் மெட்ரோ வேலைக்குத் தடுப்பு அடைத்து, அதன் மேல் மினுக்கு மினுக்கென்று சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்களே, அவற்றுக்கு நடுவே ஸ்கூட்டி ஓட்டுவது தனி வித்தை.

ரிவ்யூவுக்குப் போனேன்.

"கடைசி வரியைப் படிங்க மேடம்."

படித்தேன்.

"6/6. சூப்பர்!"

"ராத்திரியில விளக்கெல்லாம் சிதறுதுங்க. எழுத்து ரெண்டு ரெண்டா தெரியுது."

"போகப் போகச் சரியாயிடும். டிராப்ஸ் விடுறீங்கல்ல?"

அடுத்த ரிவ்யூவிலும் இதே வசனம். 6/6 என்கிற கணக்கு வந்துவிட்டால் அதற்கப்புறம் நாம் சொல்வதெல்லாம் புலம்பல். வீட்டிலும் அதேதான். "கண்ணாடி இல்லாம பேப்பர் படிக்கிற, டிவி பாக்குற, இன்னும் என்ன?" என்று அப்பா கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சார்ட், வெள்ளைப் பின்னணியில் கன்னங்கரேல் என்று எழுத்து வைத்து அளக்கிறது. எவ்வளவு சின்ன எழுத்து தெரிகிறது என்பதை மட்டுமே அது சொல்லும். சாம்பல் சுவருக்கு முன்னால் சாம்பல் சேலையில் ஒருவர் ரோட்டைக் கடந்தால் தெரிகிறதா என்று அது கேட்பதில்லை. இருட்டில் கண்ணின் பாப்பா விரிகிறது. லேசர் செதுக்கிய வட்டத்தின் ஓரத்திலிருந்து வரும் வெளிச்சம் நடுவிலிருந்து வரும் வெளிச்சத்தோடு ஒரே புள்ளியில் சேராமல் தப்பிப் போகிறது. கருவிழி மேற்பரப்பு கொஞ்சம் கோணலாக ஆறியிருந்தால் இன்னும் மோசம். இதை அளக்கவும் கருவி இருக்கிறது, 'வேவ்ஃப்ரன்ட்' டெஸ்ட் என்பார்கள். அறுவைக்கு முன்னால் அதை எடுத்தவர்கள் பின்னாலும் எடுத்துப் பார்த்திருக்கலாம். நாம் கேட்டால் எடுப்பார்கள், கேட்கத்தான் தெரிய வேண்டும்.

வறட்சி தனிக்கதை. "வேர்த்து ஊத்துற ஊர், கடல் காத்து வேற. இங்க எப்படிடி கண்ணு காயும்?" என்பாள் பெரியம்மா. நியாயமான கேள்வி. உடம்பில் நரம்பு மிக அடர்த்தியாக ஓடும் இடங்களில் கருவிழியும் ஒன்று. லேசிக்கில் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள அந்தப் படலத்தின் மேல் அடுக்கை மூடி மாதிரி வெட்டித் திறக்கிறார்கள். அப்போது அந்த நரம்புகளும் அறுபடும். கண் காய்ந்தால் "கண்ணீர் சுரக்கட்டும், இமை மூடட்டும்" என்று தகவல் அனுப்புகிறவை அவைதான். மறுபடி வளர மாதக் கணக்காகும், சிலருக்குப் பழைய அளவுக்கு வருவதே இல்லை. அதோடு ஆபீஸ் ஏசி. அதோடு இமைக்க மறந்து பார்க்கும் கம்ப்யூட்டர். கீழ் இமைக்குள் காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் உட்கார வைப்பார்கள். ஈரம் எத்தனை மில்லிமீட்டர் ஏறியிருக்கிறது என்று பார்க்க. இமையிலிருந்து காகிதம் தொங்க நான் உட்கார்ந்திருந்தபோது எதிரே இருந்த குழந்தை பயந்து அழுதது.

இன்னும் மோசமான நிலை ஒன்று உண்டு. விளக்கு வைத்துப் பார்த்தால் கண் சுத்தமாக இருக்கும், ஆனால் நோயாளிக்கு எரியும், குத்தும், ஊசி வைத்த மாதிரி வலிக்கும். அறுந்த நரம்பு தப்பாக வளர்ந்து, இல்லாத காயத்துக்கு வலியை அனுப்புகிறது. மரத்துப் போகச் செய்யும் சொட்டு மருந்து விட்ட பிறகும் வலி அடங்கவில்லையென்றால் கோளாறு கண்ணின் மேற்பரப்போடு நிற்கவில்லை என்று அர்த்தம். அப்போது வலிக்கென்று இருக்கும் மருத்துவரையும் பார்க்க வேண்டியிருக்கும். "உங்களுக்கு மனப்பிரமை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் இவர்கள் நிறையப் பேர்.

வருத்தம் வந்தால் அது சும்மா இருக்காது, யாரையாவது பிடித்துக் கூண்டில் ஏற்றப் பார்க்கும். நான் முதலில் ஏற்றியது மெஷினை. அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நம்ம ஊரிலேயே வந்து நின்றது. ரங்கசாமி ஸ்ரீனிவாசன், 1929-இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்கா போய், நியூயார்க் பக்கத்து ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த வேதியியல்காரர். 1981 நவம்பரில் 'தேங்க்ஸ்கிவிங்' விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டை மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய், 193 நானோமீட்டர் புற ஊதா லேசரை அதன் மேல் காட்டினார். சுற்றியுள்ள சதை வேகாமல், கருகாமல், சுத்தமாக வெட்டு விழுந்தது. கூட இருந்தவர்கள் ஜேம்ஸ் வைன், சாமுவேல் பிளம். நியூயார்க் கண் டாக்டர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983-இல் ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து அதைக் கருவிழிக்குக் கொண்டுபோனார். 2013-இல் ஒபாமா ஸ்ரீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கொடுத்தார். மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு நம்ம ஊர்க்காரரைத் திட்ட மனசு வருமா? தவிர, அந்த லேசர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. ஒரு துடிப்புக்குக் கால் மைக்ரான் என்று செதுக்கும். செதுக்கிய பிறகு திசு எப்படி ஆறும், நரம்பு எந்தப் பக்கம் வளரும் என்பது லேசரின் கையில் இல்லை.

அடுத்து டாக்டர். எனக்குக் கோபம் வந்தது வெட்டியதற்காக இல்லை, கையெழுத்து வாங்கிய விதத்துக்காக. பாப்பாவை விரிக்கிற சொட்டு மருந்து விட்டு, கிட்டத்தில் இருப்பதெல்லாம் பனிமூட்டமாகத் தெரிகிற நேரத்தில், பொடி எழுத்தில் இங்கிலீஷில் பல பக்கம் கொடுத்து, "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்" என்றார்கள். போட்டேன். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: என்ன செய்யப் போகிறோம், என்ன ஆபத்து, வேறு என்ன வழி என்று போதிய விவரம் சொல்லி வாங்குவதுதான் சம்மதம். காசு கொடுத்துப் பெறும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-இல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிவானது. புகார் கொடுக்க இரண்டு வருஷ அவகாசம். ஆனால் தெரிந்த பின்விளைவு ஒன்று, கவனமாகச் செய்தும் வந்துவிட்டால், அது அலட்சியம் ஆகாது. தெரிந்த வக்கீல் ஒருவர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "சார்ட்ல 6/6-னு எழுதியிருக்கேம்மா, ஜட்ஜ்கிட்ட எதைக் காட்டுறது?" என்றார். அங்கேயும் அதே கணக்கு. நான் வழக்குப் போடவில்லை. உங்கள் கேஸ் வேறு மாதிரி இருக்கலாம், ஒரு வக்கீலைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு விஷயம் இங்கே சொல்ல வேண்டும். 1990-களில் எஃப்.டி.ஏ.வில் இந்த லேசர்களை ஆராய்ந்து அனுமதிக்கிற பிரிவில் இருந்தவர் மாரிஸ் வாக்ஸ்லர். ஓய்வு பெற்ற பிறகு, 2011-இல், அந்த அனுமதியைத் திரும்பப் பெறச் சொல்லித் தான் வேலை பார்த்த அதே அலுவலகத்துக்கு மனுப் போட்டார். ஏற்கவில்லை. அவர் சொன்ன எல்லாவற்றையும் நானும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வருத்தப்படுகிறவர்கள் வரிசையில் அனுமதி கொடுத்த இடத்திலிருந்தே ஒருவர் வந்து நிற்கிறார் என்பது அன்றைக்கு எனக்குத் தெம்பாக இருந்தது.

கடைசியாகக் கூண்டில் ஏறியது நான். இதுதான் நீளமான விசாரணை. காய்ச்சல் வந்து கண் போனால் ஊரே வந்து உட்காரும். நாமே தேடிப் போய், காசு கட்டி, சிரித்த முகத்தோடு செய்துகொண்டது கெட்டால்? "சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி," என்றாள் பெரியம்மா. திட்டவில்லை, பாவம், உண்மையான வருத்தத்தில்தான் சொன்னாள். தெற்கு மாட வீதி வெள்ளீசுவரர் கோயிலுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனதும் அவள்தான். மகாபலி தானம் வார்க்கும்போது கமண்டல மூக்கை வண்டாக அடைத்து, வாமனன் தர்ப்பையால் குத்தி, கண் போன சுக்கிரன் பூஜை செய்து பார்வை பெற்ற தலம். கண்ணுக்கு வேண்டிக்கொள்கிறவர்கள் வருவார்கள். சுக்கிரனும் தானாகப் போய்த்தானே குத்து வாங்கினார் என்று தோன்றியது. பெரியம்மாவிடம் சொல்லவில்லை.

எனக்கு இன்னும் நெருக்கம் சுந்தரர். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. தப்பு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அதற்காக அவர் வாயை மூடிக்கொண்டு மூலையில் உட்காரவில்லை. வழியெல்லாம் சிவனோடு சண்டை. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று வாங்கிக்கொண்டுதான் விட்டார். நாமே செய்துகொண்டது என்பதால் வலிக்கிறது என்று சொல்லும் உரிமை போய்விடாது. எனக்கு எந்தக் கவுன்சிலரும் சொல்லாததைப் பெரியபுராணம் சொன்னது.

என் விசாரணை எப்படி ஓய்ந்தது என்று கேட்டால், முழுக்க ஓயவில்லை. மழை ராத்திரிகளில் திரும்பத் திறக்கும். ஆனால் கேள்வி மாறிவிட்டது. "ஏன் செய்தேன்" என்பதற்கு என்னிடம் பதில் உண்டு. நூற்றுக்கு 95 பேர் திருப்தி என்கிற கணக்கை வைத்து, மூடுபனிக் கண்ணாடியோடு ஸ்கூட்டி ஓட்டிய ஒருத்தி எடுத்த முடிவு அது. இன்றைக்கு அதே அட்டையை நீட்டினால் ஐந்து பேரைப் பற்றியும் கேட்பேன், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி அடங்கிவிடாது. டெட்ராய்ட் தொலைக்காட்சியில் வானிலை சொல்லிவந்த ஜெசிகா ஸ்டார், 2018-இல் 'ஸ்மைல்' என்கிற இன்னொரு லேசர் முறையில் கண் அறுவை செய்துகொண்டு, தேற முடியாமல் தவிப்பதாக வெளிப்படையாகவே சொல்லி வந்தார். அந்த டிசம்பரிலேயே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அறுவைக்குப் பின் வந்த அவதியைத்தான் குடும்பத்தார் காரணமாகச் சொன்னார்கள். தூக்கமில்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, இருந்து என்ன பயன் என்று ஓடுகிறதா? கண் டாக்டரின் அடுத்த தேதி வரை காத்திருக்காதீர்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் 1986-இலிருந்து இயங்கும் ஸ்நேகா தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு 044-24640050-இல் பேசலாம். அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. என்ன கண், என்ன பவர் என்று அங்கே யாரும் கேட்க மாட்டார்கள், நீங்கள் பேசுவதைக் கேட்பார்கள்.

இனி, எனக்கு எது உதவியது என்று சொல்கிறேன். முதலில், பவர் எடுக்கிற இடத்தை விட்டுவிட்டுக் கருவிழி நிபுணரைப் பார்த்தது. காசில்லை என்று தயங்குகிறவர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-இல் தொடங்கியது, நாட்டின் முதல் கண் வங்கியும் 1945-இல் அங்கேதான் வந்தது. நிபுணர் முதலில் பார்ப்பது கருவிழி மெலிந்து முன்னால் புடைக்கிறதா என்று. புடைத்தால் பவர் ஏறிக்கொண்டே போகும், அதை நிறுத்த 'சி3ஆர்' என்கிற சிகிச்சை உண்டு, தள்ளிப்போடக் கூடாது. எனக்கு அது இல்லை. கெடாமல் காக்கும் ரசாயனம் சேர்க்காத ஒற்றை உபயோகச் சொட்டு மருந்து, இரவில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம், ஃபேனுக்கு நேரே படுக்காமல் இருப்பது என்று தொடங்கி வறட்சி பாதிக்குப் பாதி குறைந்தது. வறட்சி குறைந்ததும் இரட்டை எழுத்தும் கொஞ்சம் மங்கியது, கண்ணீர்ப் படலம்தான் கண்ணின் முதல் லென்ஸாம். விளக்கெண்ணெய், நந்தியாவட்டைப் பூ எல்லாம் சொன்னார்கள். பொன்னாங்கண்ணிக் கீரையை மட்டும் ஏற்றுக்கொண்டேன், கூட்டு நன்றாக இருக்கும். ராத்திரி வண்டி ஓட்ட ஒரு சின்ன பவர் கண்ணாடி வாங்கியிருக்கிறேன். ஆமாம், கண்ணாடிதான். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே செதுக்கி மெலிந்த கருவிழியில் இன்னொரு முறை லேசர் காட்டி "டச்சப்" செய்யலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள். பார்வை நிலைத்த பிறகு, வேறொருவரின் கருத்தையும் கேட்ட பிறகு. கழற்றி மாட்டுகிற 'ஸ்க்லீரல்' கான்டாக்ட் லென்ஸ் பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். செதுக்கியதைத் திருப்பி ஒட்ட முடியாது.

ஃபைல். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். லேசிக் செய்தவர்கள், நன்றாக வந்தவர்களும் சேர்த்து, அறுவைக்கு முன் எடுத்த பவர், கருவிழியின் வளைவு, கனம் எல்லாம் இருக்கிற ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி வையுங்கள். அறுபது வயதில் கண்புரை வரலாம். உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்குப் போடும்போது, செதுக்கிய கருவிழி வழக்கமான கணக்கை ஏமாற்றும். கண் அழுத்தமும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும், க்ளாக்கோமா ஒளிந்துகொள்ள வசதி. மருத்துவ கவுன்சிலின் 2002 விதிப்படி, கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். ஆனால் மூன்று வருஷம் வைத்திருந்தால் போதும் என்பதும் அதே விதிதான். தள்ளிப் போட்டால் கிடைக்காது.

அடையாறில் இருக்கும் அக்கா மகள் இப்போது லேசிக் என்று கிளம்பியிருக்கிறாள். அக்கா என்னைத்தான் பார்த்தாள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாப்பா இருட்டில் எவ்வளவு விரியும், செதுக்கிய பிறகு எத்தனை மைக்ரான் மிஞ்சும், இப்போதே வறட்சி இருக்கிறதா, தொந்தரவு வந்தால் யாரைப் பார்ப்பது என்று டாக்டரிடமே கேள், சம்மதப் படிவத்தை முந்தின நாளே வீட்டுக்குக் கொண்டு வா, சேர்ந்து படிப்போம் என்றேன். "நாப்பது வயசுக்கு மேல வெள்ளெழுத்து வரும், அப்ப எப்படியும் கண்ணாடிதான், அது தெரியுமில்ல?" என்றதற்கு மட்டும் முகம் வாடியது. அது தெரியாதாம். அடுத்த வாரம் ஸ்கேன் எடுக்கப் போகிறாள். அதற்கு முன் கான்டாக்ட் லென்ஸைக் கழற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருவிழியின் அளவு தப்பாக வரும். கழற்றினாளா என்று இன்றைக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.